தரையில் விழுந்த பிறகு பனிக்கு என்ன ஆகிறது?

ஒரே அளவில் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் மலையில் வெட்டியெடுத்த வெண்பனி. எடை போட்டுக் கணக்கிட்டால் இரண்டுமே கன மீட்டருக்கு 300 கிலோ. ஆனால் முதல் பெட்டியில் இருப்பதை ரம்பத்தால் அறுத்துக் கட்டி கட்டியாக எடுக்கலாம், அடுக்கிச் சுவர் எழுப்பலாம், மேலே ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். இரண்டாவது பெட்டியில் இருப்பதைக் கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டிவிடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் முதலாவது இரண்டாவதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ முந்திக்கொள்ளும். முதலாவது, காற்று அடித்து இறுக்கிய பனி. இரண்டாவது, குளிர்காலம் முழுக்கத் தரையை ஒட்டிக் கிடந்த அடிப்பனி.

தண்ணீர் அதே தண்ணீர். எடையும் அதே. உள்ளே இருக்கும் காற்றின் அளவும் அதே. அப்புறம் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? உள்ளே பனிக்கட்டி என்ன வடிவத்தில் இருக்கிறது, துகளும் துகளும் எங்கே ஒட்டியிருக்கின்றன, அந்த ஒட்டு எவ்வளவு தடிமன், நடுவில் காற்று எந்த வழியாகப் போய்வருகிறது என்பதிலிருந்து வருகிறது. இதைத்தான் பனியின் நுண்கட்டமைப்பு என்கிறோம். பனியைப் பற்றிப் பேசினால் முதலில் அடர்த்தியைச் சொல்வது வழக்கம். அளப்பதற்கு எளிது என்பதால் அதற்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தப் பனி தாங்குமா, சரியுமா, சீக்கிரம் உருகுமா, கீழே இருக்கும் மண்ணைக் குளிரிலிருந்து காக்குமா என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அடர்த்தியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது

புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். கெட்டிப் பனிக்கட்டி 917 கிலோ. அப்படியானால் 100 கிலோ பனியில் பனிக்கட்டி நூற்றுக்குப் பதினொரு பங்குதான். மீதி 89 பங்கும் காற்று. நாள்பட அமுங்கி 300 கிலோவுக்கு வந்த பிறகும் மூன்றில் இரண்டு பங்கு காற்றாகவே இருக்கிறது.

இவ்வளவு காற்று இருந்தும் பனி திடப்பொருளாக நிற்கிறது. காரணம், உள்ளே இருக்கும் பனிக்கட்டி முழுவதும் ஒரே எலும்புக்கூடாகத் தொடர்ந்து இணைந்திருக்கிறது. எந்தத் துகளில் தொடங்கினாலும், காற்றுக்குள் கால் வைக்காமல் பனிக்கட்டி வழியாகவே வேறெந்தத் துகளுக்கும் போய்ச் சேரலாம். காற்றும் அப்படித்தான்: எந்த இடுக்கில் தொடங்கினாலும் வெளியே வந்துவிட வழி உண்டு. இரண்டு தொடர்ச்சிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பனியைத் தனித்தனி மணிகளின் குவியலாக நினைத்துக்கொண்டால் இனி வரும் எதுவும் சரியாகப் புரியாது. அதனால் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது வெப்பநிலை. மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் நமக்குக் கடுங்குளிர். பனிக்கட்டிக்கோ அது உருகுவதற்குச் சற்று முன்பான சூடு. கெல்வின் அளவில் பனிக்கட்டி 273-இல் உருகுகிறது. மைனஸ் 10 என்பது 263. அதாவது உருகுநிலையில் 96 சதவீதம். இரும்பை இதே விகிதத்துக்குச் சூடாக்க வேண்டுமென்றால் சுமார் 1470 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்பு உருகுவது 1538-இல். அந்தச் சூட்டில் எந்தப் பொருளும் சும்மா இருக்காது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்தும் மூலக்கூறுகள் ஓயாமல் ஆவியாகக் கிளம்பி, பக்கத்தில் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் திரவமாக மாற வேண்டிய அவசியமே இல்லை. பனி விழுந்த நிமிடத்திலிருந்து உருகும் நாள்வரை மாறிக்கொண்டே இருப்பதற்கு மூலக் காரணம் இதுதான்.

வானத்தில் நடப்பது

பனிப்படிகம் ஏன் ஆறு மூலையோடு இருக்கிறது என்று 1611-இலேயே வானியலாளர் கெப்ளர் கேட்டிருக்கிறார். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன என்பதே விடை. அது தெரியவர இருபதாம் நூற்றாண்டு வரை ஆனது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா 1936-இல் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். படிகம் தொற்றிக்கொள்ள அவர் பயன்படுத்தியது முயல் முடி.

நகாயா கண்டுபிடித்தது இன்றும் அடிப்படைப் பாடம். மேகத்தின் வெப்பநிலையும் ஈரமும்தான் படிகத்தின் வடிவத்தை முடிவு செய்கின்றன. மைனஸ் 2 டிகிரியை ஒட்டித் தட்டைகள். மைனஸ் 5-இல் ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15-க்கு அருகில், ஈரமும் தாராளமாக இருந்தால், கிளைகிளையாக விரியும் நட்சத்திரங்கள்.

இந்த நட்சத்திரப் படங்கள் அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் அந்த வடிவத்துக்கு ஆயுள் குறைவு. தரையில் விழுந்து ஓரிரு நாளில் கிளைகள் கரைந்துவிடும். தரையில் மாதக்கணக்கில் கிடக்கும் பனியின் குணத்தை, விழுந்த பிறகு நடக்கும் மாற்றங்களே தீர்மானிக்கின்றன. அவ்வளவாகப் படம் பிடிக்கப்படாத அந்த வாழ்க்கைதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாகப் படுகிறது.

ஒட்டிக்கொள்ளுதல்

பனி முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மாற்றம் நடக்கும். கூர்மையான முனையில் இருக்கும் மூலக்கூறைப் பிடித்துவைக்க அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் குறைவு. அது எளிதில் கழன்று ஆவியாகிவிடும். குழிவான இடத்தில் நாலு பக்கமும் பிடிமானம் அதிகம்; அங்கே வந்த மூலக்கூறு தங்கிவிடும். ஆகவே முனைகள் தேய்கின்றன, குழிவுகள் நிரம்புகின்றன. நட்சத்திரத்தின் கிளைகள் மழுங்கி, உடைந்து, உருண்டையாகின்றன. சின்னத் துகள்கள் காணாமல் போகப் பெரியவை இன்னும் பெருக்கின்றன.

இரண்டு துகள்கள் தொடும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தொடும் புள்ளியைச் சுற்றி எப்போதும் ஒரு குழிவு இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி அங்கேதான் ஆவி வந்து படியும். முதலில் வெறுமனே தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கழுத்து உருவாகி, மணிக்கு மணி தடிக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு துகளும் ஒரே பனிக்கட்டியாக இணைந்துவிடும். உலோகப் பொடியைச் சூடாக்கி உருக்காமலேயே கெட்டியாக்கும் தொழிலில் இதற்குச் சின்டரிங் என்று பெயர். பனியியலிலும் அதே பெயர்தான். இந்தக் கழுத்துகள்தான் பனியின் பலம். வெப்பமும் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் போகிறது. துகள் எவ்வளவு பெரியது என்பதைவிடக் கழுத்து எவ்வளவு தடிமன் என்பதே முக்கியம் என்று சொல்லிவிடலாம்.

காற்று அடித்த பனி ஏன் இவ்வளவு கெட்டி என்பதும் இப்போது புரியும். காற்று படிகங்களை உருட்டி மோதவிட்டுப் பொடியாக்குகிறது. பொடியான துகள்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். தொடும் இடங்கள் பெருகும். சின்னத் துகள் என்பதால் கழுத்தும் வேகமாக வளரும். ஒரே இரவில் நடந்து போகுமளவு கெட்டிப்படுவதற்கு இதுவே காரணம்.

பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்டுவது அவ்வளவு கடினமாக இருப்பதற்கும் இதே சின்டரிங்தான் காரணம். சரிந்து ஓடும்போது பழைய ஒட்டுகள் எல்லாம் உடைந்து, பனி பொடியாகி, நெருக்கமாக அமுங்கி நிற்கிறது. நின்ற கணத்திலிருந்து புதுக் கழுத்துகள் முளைக்கின்றன. சில நிமிடங்களிலேயே மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகிவிடும். புதைந்தவர் தானாக விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைவதால், மலையேறிகளுக்குக் கூட இருப்பவர்களே முதல் மீட்புப் படை. சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சுவர் சரிந்து புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனில் பணியாற்றியவர்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் உண்டு. இறுகிக் கிடந்த பனிக்கட்டிகளை இயந்திரங்களால் அறுத்துத்தான் மீட்புக் குழுவினர் கீழே இறங்க வேண்டியிருந்தது.

கீழே சூடு, மேலே குளிர்

இதுவரை வெப்பநிலை எங்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். மலையில் அப்படி இருப்பது அபூர்வம். தரை, கோடையில் வாங்கிய சூட்டை வைத்திருப்பதால், பனிக்கு அடியில் ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நிற்கும். மேற்பரப்போ இரவு வானத்துக்கு வெப்பத்தை இழந்து மைனஸ் 20-க்குக்கூடப் போய்விடும். இடையில் ஒரு மீட்டர் பனி இருந்தால், அந்த ஒரு மீட்டருக்குள் 20 டிகிரி வித்தியாசம்.

பனிக்கட்டிக்கு மேலே நிற்கும் நீராவியின் அழுத்தம் 0 டிகிரியில் 611 பாஸ்கல். மைனஸ் 10-இல் 260. மைனஸ் 20-இல் 103. அடியில் ஆவி அடர்த்தியாகவும் மேலே மெலிந்தும் இருக்கிறது. ஆகவே ஆவி மேலே நகர்கிறது. ஆனால் ஒரே மூலக்கூறு அடியிலிருந்து உச்சிவரை பயணம் செய்வதில்லை. ஒரு துகளின் மேல்முகத்திலிருந்து கிளம்பும் ஆவி, அதற்கு மேலே சற்றுக் குளிர்ந்திருக்கும் துகளின் அடிமுகத்தில் படிகிறது. அந்தத் துகளின் மேல்முகத்திலிருந்து வேறு மூலக்கூறுகள் கிளம்பி அடுத்ததன் அடியில் படிகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் யோசிதா 1950-களில் இதைக் கைக்குக் கை மாறிப் போவதாக விளக்கினார். ஒவ்வொரு துகளும் மேலே கரைந்து கீழே வளர்கிறது. ஆவி மேலே போக, படிகங்கள் கீழ்நோக்கி வளர்வது இதனால்தான்.

மீட்டருக்குச் சுமார் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், படியும் வேகம் அதிகமாகி, உருண்டைகள் மறைந்து தட்டையான முகங்களும் கூர்மையான விளிம்புகளும் கொண்ட படிகங்கள் தோன்றும். வாரக்கணக்கில் இப்படியே நீடித்தால் அவை சில மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, உள்ளே வெற்றிடத்தோடு, கீழ்ப்பக்கம் திறந்த கிண்ண வடிவம் எடுக்கும். மலைக்காரர்கள் இதை டெப்த் ஹோர் என்கிறார்கள். பெட்டி இரண்டில் இருந்தது இதுதான். கறுப்பு அட்டையில் இதை உதிர்த்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால், கிண்ணத்தின் சுவரில் படிப்படியாகக் கோடுகள் ஓடுவது தெரியும்; ஒவ்வொரு படியும் ஆவி வந்து படிந்த ஓர் அடுக்கின் விளிம்பு. மினுங்கும். விரலால் தொட்டால் கரகரக்கும். அழுத்தினால் ஒட்டாது, பனிப்பந்து உருட்ட வராது. காரணம், படிகம் பெருக்கும் அதே வேகத்தில் பக்கத்துத் துகளோடு இருந்த கழுத்துகள் மெலிந்தும் எண்ணிக்கையில் குறைந்தும் போகின்றன. மேலிருந்து கீழாகக் கொஞ்சம் பிடிப்பு இருக்கும்; பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இதில் பலருக்கும் எதிர்பாராத ஒன்று உண்டு. பனி குறைவாக விழும் இடமே இதற்கு வசதி. வெப்பநிலை வித்தியாசம் அதே 20 டிகிரிதான், ஆனால் பனி ஒரு மீட்டருக்குப் பதில் அரை மீட்டர் என்றால் மீட்டருக்கு 40 டிகிரி ஆகிவிடும். லடாக்கிலும் காரகோரத்திலும் குளிர் அதிகம், பனி மெலிது. அங்கே அடிப்பனி எளிதில் டெப்த் ஹோராக மாறும். காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடரில், குல்மார்க் பக்கம், பனி ஆழமாக விழும், குளிரும் அவ்வளவு கடுமையில்லை. அங்கே உருண்டைத் துகள்களும் நல்ல ஒட்டும் அதிகம். அலாஸ்காவின் உட்பகுதியில் குளிர்காலம் முடியும்போது தரையில் கிடக்கும் பனியில் பெரும்பகுதி டெப்த் ஹோராகவே இருக்கும்.

குலைக்காமல் பார்ப்பது

இவ்வளவு மென்மையான பொருளின் உள்ளே எப்படிப் பார்த்தார்கள்? சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் 1936-இலிருந்து பனியை அளந்துவருகிறார்கள். ஹென்றி பாடர், ராபர்ட் ஹேஃபெலி முதலானோர் 1939-இல் வெளியிட்ட ஆய்வுதான், விழுந்த பனி உருமாறுகிறது என்பதைப் படிகவியல் அடிப்படையில் முறையாக எழுதியது. அந்தக் காலத்து முறைகளில் ஒன்று: பனியின் இடுக்குகளில், தண்ணீரோடு கலக்காத, சில டிகிரி மைனஸில் உறையும் திரவத்தை ஊற்றி உறையவைப்பார்கள். மொத்தமும் கெட்டியானதும் மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நன்றாகத் தெரியும், ஆனால் தட்டையான வெட்டு மட்டும்தான். அதோடு, சீவிய பனி போனது போனதுதான். நாளை அது என்ன ஆகும் என்று பார்க்க முடியாது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்ரோ சிடி ஸ்கேன் வந்ததும் நிலைமை மாறியது. மருத்துவமனை சிடி ஸ்கேன் போலவே எக்ஸ்ரே எடுக்கும் கருவி. ஆனால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள விவரம்வரை காட்டும். அதைக் குளிர் அறைக்குள் வைத்து, பனியின் அடியில் சூடும் மேலே குளிரும் கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுத்தார்கள். டாவோஸ் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அடிக்கும் மேலுக்கும் வெப்பநிலை வித்தியாசம் பெரிதாக இருந்த அந்தப் பனியில், ஒரு மூலக்கூறு ஓரிடத்தில் பனிக்கட்டியாகத் தங்கும் காலம் சராசரியாக இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் அது ஆவியாகி வேறிடம் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்க்க அசையாமல் கிடக்கும் பனி, உள்ளே சில நாளுக்கு ஒருமுறை முழுக்கத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அடர்த்தியோ கிட்டத்தட்ட மாறுவதே இல்லை.

வெப்பமும் ஒளியும்

பனிக்கட்டியின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 2.2 வாட்/மீட்டர்·கெல்வின்; காற்றினுடையது 0.024. புதுப்பனிக்கு இது 0.05-ஐ ஒட்டி வரும். கட்டடங்களில் வைக்கும் கண்ணாடிக் கம்பளியின் 0.04-க்கு மிக அருகில் என்பதைக் கவனியுங்கள். காற்று இறுக்கிய கெட்டிப் பனிக்கு 0.3-ஐயும் தாண்டும். டெப்த் ஹோர் அடர்த்தியாக இருந்தாலும் கழுத்துகள் குறைவு என்பதால் வெப்பம் போக வழியில்லை. அது நல்ல காப்பு. அலாஸ்காவில் வெளியே மைனஸ் 40 இருக்கும்போதும் பனிக்கு அடியில் எலி வகைகள் குளிர்காலத்தைக் கழிப்பதும், கனடாவிலும் ரஷ்யாவிலும் குளிர்காலக் கோதுமை வயலில் பனி நிற்க வேண்டும் என்று விவசாயிகள் விரும்புவதும் இதனால்தான்.

ஒளிக்கு வருவோம். பனிக்கட்டி நிறமற்றது, ஒளி ஊடுருவக்கூடியது. அது வெள்ளையாகத் தெரியக் காரணம், உள்ளே இருக்கும் எண்ணற்ற முகங்கள். ஒரு கிலோ புதுப்பனியில் இருக்கும் பனிக்கட்டிப் பரப்பை எல்லாம் கூட்டினால் 60 முதல் 100 சதுர மீட்டர் வரை வரும். நாள்பட்ட பனியில் அது 10-க்கும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முகத்திலும் ஒளி திரும்பித் திரும்பி, உறிஞ்சப்படுவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. புதுப்பனி தன் மீது விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். துகள்கள் பெரிதானால் ஒளி ஒவ்வொரு முறையும் பனிக்கட்டிக்குள் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதனால் பெரிய மாற்றமில்லை, ஆனால் அகச்சிவப்புக் கதிரில் நிறைய உறிஞ்சப்படும். நனைந்த பழைய பனி 50, 60 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும். இதில் ஒரு சங்கிலி இருக்கிறது: சூடு ஏறினால் துகள் பெருக்கும், துகள் பெருத்தால் அதிக ஒளியை உறிஞ்சும், உறிஞ்சினால் இன்னும் சூடு ஏறும். தூசியும் கரியும் மேலே படிந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இழப்பு தொடங்கும். இமயமலைப் பனி எப்போது உருகி ஆற்றுக்கு வரும் என்று கணிப்பவர்கள் துகள் அளவையும் அழுக்கையும் சேர்த்தே கணக்கில் எடுப்பது இதற்காகத்தான்.

ஒலியைப் பற்றி ஒரு வரி: புதுப்பனியின் திறந்த இடுக்குகள் ஒலியை விழுங்கிவிடும், அதனால்தான் பனி விழுந்த காலையில் ஊர் அடங்கிக் கிடக்கும்.

எப்போது வளையும், எப்போது உடையும்

குளிர் நாட்டு வீட்டுக் கூரைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கூரையின் ஓரத்தைத் தாண்டிப் பனி ஒரு போர்வையாக நீண்டு, மெல்ல வளைந்து, சுவரை நோக்கிச் சுருண்டு தொங்கும். உடைவதில்லை. அதே பனியைக் கம்பால் தட்டினால் பொட்டென்று முறிந்து விழும். மெதுவாக இழுத்தால் கழுத்துகள் இளகி நீளவும், உடைந்த இடத்தில் புதுக் கழுத்து முளைக்கவும் நேரம் கிடைக்கிறது. வேகமாக இழுத்தால் அதற்கு நேரமில்லை. ஆகவே பனியின் பலத்தைக் கேட்பவர் எவ்வளவு வேகத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பலகைச் சரிவு எனப்படும் ஆபத்தான பனிச்சரிவுக்கு மூன்று பொருள்கள் ஒரே இடத்தில் சேர வேண்டும்: மேலே நன்றாக ஒட்டிய பனிப்பலகை, நடுவில் பலவீனமான அடுக்கு, சுமார் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வு. அந்தப் பலவீனமான அடுக்கு பெரும்பாலும் மெல்லியது. சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர்வரை. டெப்த் ஹோராக இருக்கலாம். அல்லது தெளிவான இரவில் பனியின் மேற்பரப்பில் இறகு இறகாகப் படிந்த சர்ஃபேஸ் ஹோர், அடுத்த பனிப்பொழிவில் அப்படியே புதைந்திருக்கலாம். நிற்கும் படிகங்களின் மேல் ஒரு மீட்டர் பனி ஏறி உட்கார்ந்திருக்கிறது. பனிச்சறுக்கு ஆள் ஒருவரின் எடை அந்த அடுக்கில் சின்ன விரிசலைத் தொடங்கினால் போதும். படிகங்கள் முறிந்து அமுங்க, மேலே இருக்கும் பலகை சிறிதளவு கீழே இறங்க, அந்த இறக்கம் பக்கத்துப் படிகங்களையும் முறிக்கும். விரிசல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் மலைச்சரிவின் குறுக்கே ஓடிவிடும்.

முன்பெல்லாம் பலகை வழுக்குவதால்தான் விரிசல் ஓடுகிறது என்று எண்ணினார்கள். சமதரையில் நடப்பவர்களுக்கும் காலடியில் 'வும்ஃப்' என்ற சத்தத்தோடு பனி அமுங்குவதை அந்த விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. சமதரையில் வழுக்க இடமேது? 2008-இல் வந்த ஒரு கோட்பாடு, அடுக்கு நொறுங்கி அமுங்குவதையும் கணக்கில் சேர்த்து, விரிசல் சமதரையிலும் தொடங்கிச் சரிவுக்கு ஓடலாம் என்று காட்டியது. மலையடிவாரத்தில் பத்திரமாக நிற்பதாக நினைப்பவர் மேலே இருக்கும் பனியைக் கிளப்பிவிட முடியும் என்பது இதன் நேரடிப் பொருள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் சரிவின் பக்கம் போகாமல் திரும்பிவிட வேண்டும் என்று மலை வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்லித் தருகிறார்கள்.

நனைந்தால், புதைந்தால்

வசந்தத்தில் பனிக்குள் திரவ நீர் வந்ததும் எல்லாம் வேகமெடுக்கும். கொஞ்சம் நீர் இருந்தால், அது துகள்களின் இடுக்கில் தங்கி அவற்றை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனிப்பந்து அருமையாக உருளும். இரவில் உறைந்தால் கல்லாகிவிடும். நீர் மேலும் கூடி இடுக்குகளை நிரப்பினால் கழுத்துகள் கரைந்து, பலம் முழுக்கப் போய், கூழாகிவிடும். காலையில் நடக்க முடிந்த சரிவில் மதியம் போகக் கூடாது என்பது இதனால்தான்.

அன்டார்க்டிகா மாதிரி உருகாத இடங்களில் பனி வேறு வழியில் போகிறது. வருடா வருடம் மேலே பாரம் ஏற ஏற, அடிப்பனி அமுங்கிக் கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோவை எட்டும்போது காற்றின் தொடர்ச்சி அறுந்துவிடும். இடுக்குகள் தனித்தனிக் குமிழிகளாக மூடிக்கொள்ளும். பல இடங்களில் இது 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் நடக்கிறது. அதுவரை மேலிருந்து காற்று உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்ததால், குமிழியில் அடைபட்ட காற்று அதைச் சுற்றியுள்ள பனிக்கட்டியைவிட வயதில் இளையது. எட்டு லட்சம் ஆண்டுப் பழைய காற்றைப் பனிக்கட்டிக் குமிழிகளிலிருந்து எடுத்து கார்பன் டை ஆக்சைடை அளந்தவர்கள், இந்த வயது வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே, சுற்றியுள்ள பனிக்கட்டியிலிருந்து கணித்த வெப்பநிலையோடு ஒப்பிட முடிந்தது.

குழிக்குள் ஒரு ஆள்

பனிச்சரிவு எச்சரிக்கை தருபவர்களின் அன்றாட வேலை இன்றும் மண்வெட்டியில்தான் தொடங்குகிறது. தரைவரை குழி வெட்டி, நிழல்பக்கச் சுவரைச் சீராகச் செதுக்கி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெப்பமானியைச் செருகுவார்கள். அப்புறம் கையால் சோதனை: முஷ்டி உள்ளே போகிறதா, நாலு விரல் போகிறதா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டும்தானா. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, மில்லிமீட்டர் கட்டம் போட்ட அட்டையில் தூவி, லென்ஸில் பார்த்துத் துகளின் வகையைக் குறிப்பார்கள். இந்த வகைகளுக்கு உலகம் முழுவதும் ஒரே பட்டியல் இருக்கிறது; கடைசியாக 2009-இல் திருத்தினார்கள். பிரான்சின் குரோகஸ், சுவிட்சர்லாந்தின் ஸ்னோபேக் போன்ற கணினி மாதிரிகள் வானிலைத் தரவை வைத்து அடுக்கு அடுக்காகத் துகள்களின் மாற்றத்தைக் கணக்கிடுகின்றன. இந்தியாவில் இந்த வேலையை, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் வரும் டிஜிஆர்இ என்ற புவித்தகவல் ஆய்வு நிறுவனம் பார்க்கிறது. மணாலியில் பல ஆண்டுகள் இயங்கிய பனி ஆய்வு நிறுவனம் 2020-இல் இன்னோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டதில் உருவானதுதான் இது.

செயற்கைக்கோளை வைத்து மலை முழுவதும் எவ்வளவு பனி கிடக்கிறது என்று அளக்கும் முயற்சியும் நுண்கட்டமைப்பில் வந்து முட்டுகிறது. தரையிலிருந்து கிளம்பும் நுண்ணலைகளைப் பனித்துகள்கள் சிதறடிப்பதை வைத்து, சிதறல் அதிகம் என்றால் பனி அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். பெரிய துகள்கள் அதிகமாகச் சிதறடிக்கும். ஆகவே லடாக்கின் மெல்லிய பனியில் டெப்த் ஹோர் கூடுதலாக இருந்தால், இருப்பதைவிட அதிகப் பனி இருப்பதாகக் கருவி காட்டிவிடும். துகள் அளவைத் தனியாகத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பிழையைக் களைய வழியில்லை.